முதலில் கழுத்து

பரவை காய்கறி மார்க்கெட்டில் தங்கப்பாண்டி ஏலம் கூவும்போது எதிர்க் கடைக்காரர்கள் போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் பயனில்லை. மைக் வாங்கித் தருவதாகச் சொன்ன மண்டி முதலாளியிடம், "பாவம்ணே, மைக்கு தாங்காது" என்றார்.

அப்பேர்ப்பட்ட வாய் ஒரு நாள் காலை கத்தரிக்காய் ஏலத்தின் நடுவே குழறியது. வலது கை தொங்கியது. சற்று நேரத்தில் இரண்டும் சரியாகிவிட, டீ குடித்துவிட்டு ஏலத்தைத் தொடர்ந்தார். மனைவி மீனாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. மேலும் தேடியதில் இதயத்திலும் மூன்று.

கழுத்தை விட்டுவிட்டு இதயத்தைத் திறந்தால் பக்கவாதம் வந்து பேச்சே போகலாம். இதயத்தை விட்டுவிட்டுக் கழுத்தைத் திறந்தால் மேசையிலேயே மாரடைப்பு வரலாம். கழுத்துக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர் என இருந்த இரண்டு டாக்டர்களும் கல்யாணப் பந்தியில் இடம் கொடுப்பதுபோல "நீங்க முதல்ல" என்று உபசரித்துக்கொண்டார்கள். நாக்கு ஏற்கெனவே எச்சரித்துவிட்டது, நெஞ்சு இதுவரை வலிக்கவில்லை என்பதால் கடைசியில் கழுத்துக்கு முதலிடம் கிடைத்தது. முழு மயக்கம் கிடையாது, மரத்துப்போக ஊசி மட்டும்.

"ரத்தக்குழாயைப் பிடிச்சு நிறுத்தும்போது நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னா மூளைக்கு ரத்தம் பத்தலைன்னு அர்த்தம்" என்றார் கழுத்து டாக்டர்.

"பேசத்தான டாக்டரே? இம்புட்டுதானா!"

மேசையில் படுத்தபடியே கத்தரிக்காயை ஏலம் விட்டார். நர்ஸ் பாண்டிச்செல்வி சிரித்துக்கொண்டே ஏலம் கேட்டார். விலை ஏறிக்கொண்டே போனது. திடீரென்று சத்தம் நின்றது.

"தங்கப்பாண்டி! பேசுங்க!" மூளைக்கு ரத்தம் அனுப்பும் அவசரக் குழாய்க்கு டாக்டர் கை நீட்டினார்.

"சும்மா இருங்க டாக்டரே. ஏலத்த முடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் வாயை மூடுனாத்தான் அந்தப் பிள்ள இன்னும் ஏத்தும்."

டாக்டர் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

கழுத்து தேறியது; பேச்சும் அப்படியே இருந்தது. சில வாரம் கழித்து இதய டாக்டர் தேதி குறிக்க வந்தார்.

"இதுக்கு எம்புட்டு நேரம் பேசணும்?"

"பேசவே வேண்டாம். முழு மயக்கம்."

தங்கப்பாண்டி முகத்தில் முதன்முறையாகப் பயம் தெரிந்தது. மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வெளியில நின்னு எனக்குப் பதிலா பேசிக்கிட்டே இரு."

"எனக்கு எங்க பழக்கம்?" என்றார் மீனா. "இத்தன வருசத்துல நீங்க எடமே குடுக்கலையே." பிடித்த கையை மட்டும் விடவில்லை.