இரண்டு பேர் காத்திருக்கும் விலை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தக் காலத்தில் “பாஸ்போர்ட் வந்துருச்சு” என்று யாராவது சொன்னால், ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகப்போகிறது என்று அர்த்தம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெரியப்பாவுக்கு அது வந்தது. இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போயே ஆகவேண்டிய நேரம். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. என் அக்காவைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தது அவரும் பெரியம்மாவும்தான். அவர்களுடைய பாஸ்போர்ட்டிலேயே அக்காவின் பெயரும் ஏறிவிட்டது. போக விருப்பமா என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஹாலிஎல ஸ்டேஷனில் ரயில்கோச்சி ஏறும்போது, புதுச் சட்டை போட்ட சந்தோஷத்தில் எனக்குக் கைகாட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவளை போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன். கோத்தகிரியில் அவளுக்கும் தேயிலைக் காட்டில்தான் வேலை. அவளுடைய மூத்த மகனுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று வீடியோவில் கூப்பிட்டாள்.

“ரெண்டு பேரும் வரணும். ஏதாவது சாக்குச் சொன்னீங்கன்னா நான் பேசவே மாட்டேன்.”

ரெண்டு பேர் என்றால் நானும் அண்ணனும். அண்ணன் எனக்கு மூத்தவர், அக்காவுக்குத் தம்பி. ஹாலிஎலயில் வாடகைக்கு வேன் ஓட்டுகிறார். நான் பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். கணவர் இறந்தபின் தனியாகத்தான் இருக்கிறேன். மகளை வெலிமடையில் கட்டிக்கொடுத்துவிட்டேன். எங்கள் இருவரிடமும் பாஸ்போர்ட் இருக்கவில்லை. வாழ்நாளில் அதற்குத் தேவையும் வந்ததில்லை.

கட்டணத்தை விசாரித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாதாரணமாக விண்ணப்பித்துக் காத்திருந்தால் ஒரு விலை. கொழும்புக்குப் போய் ஒரே நாளில் எடுப்பதென்றால் அதற்கு இரட்டிப்பு. கடையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். எங்கள் முதலாளி வருஷா வருஷம் மக்காவுக்கு உம்ரா போய்வருகிறவர். நல்ல மனிதர்.

“பத்து வருஷத்துக்குத் தாறாங்க தங்கச்சி. வருஷத்துக்குப் பிரிச்சுப் பாருங்க, ஒண்டுமில்ல” என்றார்.

“நீங்க பிரிச்சுப் பாக்கலாம் முதலாளி. நான் ஒரே ஒரு தடவைதானே போகப்போறேன்? எனக்கு எதால பிரிக்கிறது?”

அவர் சிரித்தார். “அதுக்கு கவர்மெண்ட் என்ன செய்யிற?”

அச்சடிக்கிற புத்தகம் ஒன்றுதான். அவருக்கும் எனக்கும் ஒரே விலை என்பது கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரே விலைக்கு அவர் கல்லாவைத் திறந்தால் போதும். நான் சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருந்தது.

அண்ணன்தான் வழி சொன்னார். “கல்யாணம் தையிலதான. ரெண்டு பேருக்கும் நார்மல்ல போடுவோம். அதுக்குள்ள வந்துரும்.”

சீட்டுக்காசை என் பங்காக அப்படியே அவர் கையில் கொடுத்தேன். இருவருமாகப் போய் பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். காதைக் காட்டச் சொன்னார்கள், சிரிக்க வேண்டாம் என்றார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் பின்னால் நின்று, “ஏய், வெறச்சு நில்லு” என்று அதட்ட, இன்னும் சிரிப்பு வந்தது. வெளியே வந்து டீ குடித்தோம். அண்ணனும் தங்கச்சியுமாக அப்படிக் கடையில் உட்கார்ந்து டீ குடித்து எத்தனை காலமாகியிருந்தது.

விண்ணப்பத்தை கம்யூனிகேஷன் கடையில் ஒன்லைனில் போட்டுவிடுவதாக அண்ணன் சொன்னார். பிறகு கைரேகை வைக்கக் கூப்பிட்டு போனுக்கு மெசேஜ் வரும். அதுவரைக்கும் பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருந்தேன். மெசேஜ் வரவில்லை. கேட்கும்போதெல்லாம், “சிஸ்டத்துல ஏதோ பிரச்சினையாம், நம்ம மட்டுமா, எல்லாருக்கும் அப்படித்தான்” என்றார். பாஸ்போர்ட்டுக்கு ஆட்கள் வரிசையில் படுத்துக் கிடப்பதை டீவியிலும் காட்டிக்கொண்டிருந்தார்கள். நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

நடுவில் அண்ணனுக்குக் கொழும்புக்கு ஹயர் ஓட்டம் ஒன்று வந்தது. “அங்கதான போறீங்க, அந்த ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்” என்று சொல்லியனுப்பினேன். திரும்பி வந்ததும் என் வீட்டுக்கே வந்தார்.

“கேட்டேன்மா. அம்மாடி, என்னா கூட்டம்! கிட்டயே போக முடியல.”

பாவமே, அலைந்துவிட்டு வந்திருக்கிறாரே என்று தோசை சுட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தை பிறந்தது. பாஸ்போர்ட் வரவில்லை. அக்காவுக்குச் சொல்ல வாய் வராமல், “நீங்களே சொல்லிருங்க” என்று அண்ணனிடம் பொறுப்பைக் கொடுத்தேன். அவரும் சரியென்றார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், யாழ்ப்பாணத்துக்கு ஹயர் போவதாகவும் ஒரு வாரம் ஆகும் என்றும் போனில் சொன்னார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் கடையில் நின்றிருந்தேன். அக்காவின் வீடியோ அழைப்பு வந்தது. பந்தலைக் காட்டினாள், வாழை மரத்தைக் காட்டினாள், மாப்பிள்ளைப் பையனைக் காட்டினாள். “இந்தா, ஒன் அண்ணன்கூட பேசு” என்று போனைத் திருப்பினாள்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்த சட்டை நான் எங்கள் கடையிலிருந்து தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. திரையில் என்னைப் பார்த்ததும் எழுந்து எங்கேயோ போனார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்னடி, கடையில லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்களாமே? தம்பி சொன்னான். எங்க வீட்டு மொத கல்யாணம்னு நெனச்சு நீ வேலைய விட்டுட்டாவது வந்திருக்கலாம்ல?”

அவளுடைய கோபமும் என் மேல்தான். “கல்யாணம் நல்லா நடக்கட்டும்க்கா” என்றேன். துணி அடுக்குக்குப் பின்னால் போய் நின்றேன். முதலாளி பார்த்துவிட்டு, வந்த ஆட்களைத் தானே கவனித்தார்.

அண்ணன் திரும்பி வந்ததும் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி உள்ளே எழுந்து போய்விட்டார். அவருக்கும் முன்பே தெரியும் என்பது அப்போதுதான் புரிந்தது.

“எனக்குப் போடவே இல்லையா?” என்று கேட்டேன்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நார்மல்ல போட்டா தைக்குள்ள கெடைக்காதுன்னுட்டாங்க. ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்தா ரெண்டு பேருமே போக முடியாது. அதே காசுல கொழும்புல ஒருத்தருக்கு ஒரே நாள்ல எடுக்கலாம். நான் என்னா செய்ய?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ போறேன்னு நிப்ப.”

“ஆமா, நிப்பேன். என் அக்காதானே?”

“தாய்மாமன் இல்லாம கல்யாணம் நடக்குமா? நீயே சொல்லு.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. மருமகன் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்கத்தான் வேண்டும். கேட்டிருந்தால் நானே அவரை அனுப்பியிருப்பேனோ என்னவோ. இல்லை, சண்டை போட்டிருப்பேனோ. எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக்கூட அவர் விடவில்லை. அக்காவை அனுப்பியபோது அவளிடம் கேட்கவில்லை. என்னை நிறுத்தியபோது என்னிடம் கேட்கவில்லை.

அக்கா கொடுத்தனுப்பிய சேலையை அண்ணன் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அது அக்கா கொடுத்தது.

பிறகு நானே எல்லாம் செய்தேன். கம்யூனிகேஷன் கடையில் என் கண்முன்னால் விண்ணப்பம் போடவைத்தேன். மெசேஜ் வந்தது. பிரதேச செயலகத்தில் என் விரல்களை அந்தக் கைரேகைக் கண்ணாடி பிடிக்கவேயில்லை. சின்ன வயதில் கொழுந்து பறித்த கை. அங்கிருந்த பிள்ளை ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, பொறுமையாகத் திரும்பத் திரும்ப எடுத்தது. சாதாரணக் கட்டணம்தான் கட்டினேன். எனக்கு இனி அவசரம் என்ன?

பாஸ்போர்ட் தபாலில் வந்தது. முதலாளி வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “சரி, இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்ல” என்றார். விலை நியாயமா என்று இப்போது யாராவது கேட்டால், புத்தகத்தின் விலையைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். அவசரத்துக்கு வைத்திருக்கிற விலையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சாவும் கல்யாணமும் எங்களுக்கும்தான் வருகின்றன. அவற்றுக்குப் போய்ச் சேர, எங்கள் வீட்டில் ஒருவர் இன்னொருவரின் பங்கை எடுக்க வேண்டியிருந்தது. அதற்காக அண்ணனை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. வரிசையையும் கட்டணத்தையும் அரசாங்கம் வைத்தது. தோசை தின்றுகொண்டே பொய் சொன்னது அவர்தான்.

இப்போது டிக்கெட்டுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் லீவு கேட்டால் கிடைக்கும் என்பதை மட்டும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் வேறு எதையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வாரம் பேசும்போது, “தம்பி நல்லா இருக்கானா? வந்து போறானா?” என்று விசாரித்தாள்.

“நல்லா இருக்காருக்கா” என்றேன். அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து மாதக்கணக்காகிறது.