கறிவேப்பிலை இல்லாத நீர்மோர்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், மாசி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் மோர் குடித்துக்கொண்டே இருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மோர். விளக்கு வைக்கும் நேரத்தில் மோர். தியாகராய நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் அப்பாவுக்குச் செருப்பைக் கழற்றுவதற்குள் மோர். இரண்டாவது வாரமே அவருக்குச் சளி பிடித்துவிட்டது. தண்ணீரை வைத்துப் பழகக் கூடாதா என்று கெஞ்சிப் பார்த்தார். தண்ணீர் மோர் இல்லையே என்று சொல்லிவிட்டான் அண்ணன். அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கப்பை வாங்கினார்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவன். அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். நாங்கள் மந்தைவெளியில் இருந்தோம். அவனுடைய சிறப்புப் பள்ளி பக்கத்திலேயே ராஜா அண்ணாமலைபுரத்தில். மாசி பங்குனி வந்தால் எனக்கு முழுப் பரீட்சை, அவனுக்குக் கொண்டாட்டம். அவன் டைரியில் ஒரு நோட்டீஸ் ஒட்டி அனுப்புவார்கள். விளையாட்டு விழா, ஒரு நாள் கடற்கரை, மாடித் தோட்டத்தில் கத்தரிக்காய் பறிப்பது என்று அதில் வரிசையாக இருக்கும். கடவுள் ஆள் பார்த்து ஓரவஞ்சனை செய்கிறார் என்று நான் வரலாற்றுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பொருமுவேன். அந்த வருட நோட்டீஸின் கடைசி வரி, அறுபத்து மூவர் உற்சவத்தன்று மாட வீதியில் மாணவர்களே நடத்தும் நீர்மோர் பந்தல்.

அன்றைக்கு மயிலாப்பூரில் ஊரே கூடும். எட்டடிக்கு ஒரு பந்தல் போட்டு மோரும் பானகமும் சுண்டலும் கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் தங்கள் பிள்ளைகளையும் நிறுத்த வேண்டும் என்பது அண்ணனுடைய வகுப்பு மிஸ்ஸின் ஆசை. ஒருவன் இஞ்சி இடிக்க, ஒருத்தி மோர் கலக்க, இன்னொருவன் குடித்த கப்பைப் பொறுக்க என்று ஆளுக்கு ஒரே ஒரு வேலை. அண்ணனுக்கு முதலில் கிடைத்தது கப் பொறுக்குவது. அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து, மோர் கொடுக்கும் வேலையை வாங்கிக்கொண்டான்.

அந்த வேலையை மிஸ் ஐந்து படங்களாக ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுத்திருந்தார். கப்பை எடு. முக்கால் அளவு ஊற்று. இரண்டு கையாலும் நீட்டு. முகத்தைப் பார்த்து "எடுத்துக்கோங்க" என்று சொல். கையை விடு. முதல் மூன்றும் ஒரு வாரத்தில் வந்துவிட்டன. கையை விடுவதுதான் பெரும்பாடு. எதிரில் நிற்பவர் சிரிக்கிறவரை அண்ணன் கப்பை விட மாட்டான். சளியோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்பா அந்த மாதம்தான் தெரிந்துகொண்டார்.

ஆனால் அதில் விளையாட்டு மட்டும் இல்லை. அண்ணனுக்குப் பதினேழு முடியப் போகிறது. ஜூனில், பரிமாறும் வேலை கற்றுத்தரும் கேன்டீன் வகுப்புக்குப் போக வேண்டுமென்றால் முன்பின் தெரியாதவர்களிடம் பேசிப் பழக வேண்டும். பந்தலில் அவன் எப்படி நின்று கொடுக்கிறான் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். அம்மா கவலைப்பட்டபோது மிஸ் சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து எங்களிடம் அப்படியே சொன்னாள்: "கத்துக்க நாளாகும்மா. கத்துக்கிட்டா அப்புறம் எந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்."

தினமும் சாயங்காலம் பரீட்சித்துப் பார்க்க வந்து நிற்கும் ஆள் நான். அம்மாவிடமும் அப்பாவிடமும் மேல் வீட்டு மாமாவிடமும் "எடுத்துக்கோங்க" சொல்லப் பழகிவிட்டவன், என்னிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. பந்தலில் யார் வந்தாலும் ஒரே மாதிரிதான் சொல்ல வேண்டும் என்று டைரியில் எழுதியிருக்கிறது என்பேன். "நீ பாப்பா" என்று சிரிப்பான். "பாப்பா, எடுத்துக்கோ." அது மட்டுமல்ல. எனக்குக் கறிவேப்பிலை பிடிக்காது. என் முறை வரும்போது ஒரு ஸ்பூனை எடுத்து, கப்பில் மிதக்கிற இலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்ட பிறகுதான் நீட்டுவான். ஊர் பூராவுக்கும் இப்படிப் பொறுக்கிக்கொண்டு நிற்கப் போகிறாயா என்று அம்மா கேட்டால், பாப்பாவுக்கு மட்டும் என்பான்.

ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றி என்னைக் கொண்டுவந்த நாளில் அவன் வைத்த பெயர் அது. வீட்டில் கூப்பிட்டால் பரவாயில்லை. அவன் பஸ்ஸின் முன் வாசலில் நின்று பின் வாசல்வரை கேட்கும்படி கூப்பிடுவான். மொட்டை மாடியிலிருந்து கூப்பிடுவான். மொத்தத் தெருவும் திரும்பிப் பார்க்கும். முதலில் அவனை, பிறகு என்னை.

அந்த வருடம்தான் நான் புதுப் பள்ளிக்கு மாறியிருந்தேன். மூன்று பேர் தோழிகளாகக் கிடைத்திருந்தார்கள். அண்ணன் என்ன படிக்கிறான் என்று ஒருத்தி கேட்டதும், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் என்று என் வாய் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டால் சும்மா இருக்க முடிகிறதா? ஹாஸ்டல் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தான் என்றேன். தீபாவளிக்கு எனக்கு அவன் கைக்கடிகாரம் வாங்கி வந்தான் என்று சொன்னதற்காக, அம்மாவின் பழைய கடிகாரத்தை ஒரு மாதம் கட்டிக்கொண்டு திரிந்தேன். அந்த இன்ஜினியர் அண்ணனை எனக்கே பிடித்துப் போய்விட்டது.

தோழிகளில் ஒருத்தியின் வீடு மாட வீதியிலேயே இருந்தது. அறுபத்து மூவர் அன்று மற்ற மூவரும் அவள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஒன்றாக உற்சவம் பார்ப்பது என்று முடிவாயிற்று. வர முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வீட்டிலோ வேறு ஏற்பாடு. பெற்றோரைப் பார்த்தால் பிள்ளைகள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடும் என்பதால், அவர்கள் யாரும் பந்தல் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்று விடாமல் சொல்லச் சொல்லியிருந்தாள் அம்மா.

முதல் நாள் மாலை, அம்மா அடுக்களையில் இருந்த சமயம் பார்த்து அண்ணனைக் கொடிக்கயிற்றுப் பக்கம் இழுத்துப் போனேன்.

"அண்ணா, நாளைக்கு வெளியில என்னைப் பார்த்தா பாப்பான்னு கூப்பிடாத. தெரியாத மாதிரி இரு."

ஏன் என்றான். ஒரு விளையாட்டு என்றேன். அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "பாப்பா வருவியா?" என்றான். வருவேன் என்றேன். சரி என்றான். அவன் எல்லாவற்றுக்கும் சரி என்பவன்தான். ஒரு மாதம் தலைகீழாக நின்றும் என்னிடம் 'ங்க' போட்டுப் பேச வராதவனுக்கு ஒரே ராத்திரியில் இது எப்படி வரும்? எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் மூன்று மணி வெயிலில் கால் வைக்க இடமில்லை. பலூனும் பீப்பியும் ஒருபக்கம், சாமி வருகிறது என்று போலீஸ்காரர்கள் கயிறு பிடிக்கிறது ஒருபக்கம். நான் பந்தல் இல்லாத பக்கமாகவே தோழிகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். ஆனால் தாகம் என்று ஒன்று இருக்கிறதே. கடைவீதி முனையில் பானகம் தருகிறார்கள் என்று நான் சொல்லச் சொல்ல, ஒருத்தி வேறொரு பந்தலைக் காட்டி, அங்கே வரிசை சின்னதாக இருக்கிறது என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போய் நிறுத்திவிட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். அண்ணனின் பள்ளிப் பேனர்.

வெள்ளை ஏப்ரனும் தலையில் துணித் தொப்பியுமாக அண்ணன் முன்வரிசையில் நின்றிருந்தான். எங்களுக்கு முன்னால் இருந்த பலூன்காரர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னா தம்பி, சூப்பரா கீது, இன்னொண்ணு குடேன்" என்றார். ஒருவருக்கு ஒரு கப்தான் என்பது சட்டம். அண்ணன் வரிசையின் கடைசியைக் கை காட்டினான். அவரும் சிரித்துக்கொண்டே கடைசியில் போய் நின்றார். பின்னால் இருந்த தோழி என் காதருகே குனிந்து, "பாவம்ல?" என்றாள்.

"ஆமா, பாவம்" என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டிப் போகும்போது எனக்கு அந்தக் குரல்தான் முதலில் கேட்கிறது.

தோழிகள் இருவர் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். என் முறை. அண்ணன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன், அல்லது பார்த்ததாக நினைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளலாம்போல இருந்தது. அவன் கப்பை எடுத்தான். ஊற்றினான். பிறகு பாதி திரும்பி நின்று என்னவோ செய்துகொண்டிருந்தான். வரிசை நிற்கிறது, சீக்கிரம் கொடு என்று மிஸ் பின்னாலிருந்து சொல்வது கேட்டது. என்னை நன்றாகத் தெரிந்த மிஸ் அப்போது மோர் அண்டாவிடம் குனிந்திருந்ததால் நான் தப்பித்தேன். அண்ணன் இரண்டு கையாலும் நீட்டினான். என் முகத்தைப் பார்த்தான்.

"எடுத்துக்கோங்க" என்றான்.

கையையும் விட்டான். நான் சரியாகப் பிடிக்காமல் மோர் என் பாவாடையில் சிந்தியது. அவன் அதற்குள் எனக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்துவிட்டான்.

ஓரமாக நின்று குடித்தபோது, தன் கப்பில் மோரைவிடக் கறிவேப்பிலைதான் அதிகம் என்று ஒருத்தி குறைப்பட்டாள். என் கப்பை எட்டிப் பார்த்து, உனக்கு மட்டும் ஒரு இலைகூட இல்லையே என்றாள். அதிர்ஷ்டம் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். கூட்டத்தில் அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, கோயில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும், அவ்வளவுதான் மனதில் ஓடியது.

சாயங்காலம் மிஸ் வீட்டுக்கே போன் செய்து, ஒரு தப்புகூட இல்லை, ஜூனிலிருந்து கேன்டீன் வகுப்பு என்று சொன்னார். அம்மா அழுதாள். அப்பா இருமலோடு சேர்த்துச் சிரித்தார். கொஞ்சம் அடங்கியதும், பாப்பா வந்து பார்த்தாளா என்று அம்மா கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"பாப்பா வரல."

சொந்த அண்ணனைப் பார்க்க ஒரு எட்டு போக முடியாத அளவுக்கு அப்படி என்ன சிநேகிதம் என்று அம்மா பிடிபிடியென்று பிடித்தாள். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிலிருந்த இலையைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான். அது அவன் தட்டு அல்ல, என் தட்டு. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு பஸ்ஸிலோ தெருவிலோ அவன் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. வீட்டு நிலைப்படிக்கு உள்ளே மட்டும்தான் நான் பாப்பா. பிள்ளைக்கு வயதுக்கேற்ற பக்குவம் வந்துவிட்டது என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் ஆமாம் போட்டேன்.

இப்போது அண்ணன் கோட்டூர்புரத்தில் ஒரு அலுவலக கேன்டீனில் வேலை பார்க்கிறான். போன பங்குனியில் அந்தப் பக்கம் போயிருந்தபோது, என்னோடு வேலை செய்கிற இரண்டு பேரை வேண்டுமென்றே அங்கே சாப்பிட அழைத்துப் போனேன். அவர்களிடம் முதலிலேயே என் அண்ணன் என்று சொல்லிவிட்டேன். அவன் முன்னால் போய் நின்று, "அண்ணா, பாப்பா வந்திருக்கேன்" என்று அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவன் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தான். உப்புமாவிலிருந்து கறிவேப்பிலையை ஸ்பூனால் நிதானமாக எடுத்துப் போட்டான். இரண்டு கையாலும் தட்டை நீட்டினான்.

"எடுத்துக்கோங்க" என்றான்.

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் சமாளித்தால் போதும் என்றுதான் அன்று கொடிக்கயிற்றுப் பக்கம் அவனிடம் கேட்டேன். கற்றுக்கொண்டால் எந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான் என்று மிஸ் சொன்னதை அம்மா எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். அது மோர் கொடுப்பதற்கு மட்டும் சொன்னதில்லை என்பது பதினோரு வயதில் எனக்குத் தெரியாது.