எதிரெதிர்ப் பக்கங்கள்

வாசகரே, நடுநிலை தவறாத சாட்சியாக இதைக் கேளுங்கள். அச்சிடாமல் மின்னஞ்சலில் மட்டும் அனுப்பவிருந்த கல்லூரி மலருக்கு நான் மாணவ ஆசிரியர். பட்டிமன்றத்தில் என்னை வென்ற எதிரணித் தலைவரின் உரையை, அட்டையை அடுத்து, என் உரைக்கு நேரெதிர்ப் பக்கத்தில் அமைத்து அவருக்கு அனுப்பினேன். கோவளத்துக்காரர், நெடிய உருவம். எதிராளி பேசும்போதும் ஒப்புக்கொள்வதுபோலத் தலையசைப்பார்.

மறுநாளே செங்கல்பட்டு பிரவுசிங் சென்டருக்கு என்னை இழுத்துச் சென்றார்.

"இன்னா மச்சான், உன் பேச்சு அட்டைப்படத்தாண்ட ஜம்முனு கீது. என்னுது பின்னால உரக்கடை விளம்பரத்தோட குந்திகினு கீது. நான் ஜெயிச்சேன்னு காண்டா?"

அங்கிருந்த பழைய மென்பொருள் அட்டையையும் சேர்த்துப் பக்கங்களை இரண்டிரண்டாகக் காட்டியதால், அட்டையோடு என் உரையும் விளம்பரத்தோடு அவர் உரையும் ஜோடி சேர்ந்திருந்தன. என் கணினியின் புதிய பதிப்போ அட்டையைத் தனியே விட்டிருந்தது. இதை விளக்கினேன், தலையசைத்தார். அட்டைக்குப் பின் வெற்றுப்பக்கம் ஒன்றைச் செருகினால் இங்கே சரியாகும், என் கணினியில் கெடும் என்றேன்.

"அப்போ ரெண்டு பேரையும் ஒரே பக்கத்துல போடு."

அப்படியானால் ஆளுக்குப் பாதி உரையை இழக்க வேண்டும். மேடையில் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்காத நான் திரையில் என் உரையின் வரிகளை எண்ணத் தொடங்கினேன். என்னைச் சந்தேகித்த அவரே, கடையே திரும்பிப் பார்க்க உரக்கத் தந்த வாக்குறுதியின் காரணம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை:

"என்னுதுல பாதிய நீயே வெட்டு மச்சான். எதை வெட்டுனேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."