அவள் சொல்லாத பெயர்

அறுபத்து நான்காம் வருடம் ஒரு பகல். செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள நெல் மில்லில் நான் இன்ஜின் ஓட்டுபவன். தவிடு புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி குப்பம்மாள் திடீரென்று, "சின்னசாமி, தண்ணி குடு" என்றாள்.

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். "இன்னாண்ணே, அண்ணி உங்க பேரையே சொல்லிட்டாங்க" என்றான் ஒருவன். பதினெட்டு வருடத்தில் அவள் என் பெயரைச் சொன்னதில்லை. வெட்கத்தில் குனிந்து இன்ஜினைத் துடைத்தேன். நான் அப்போதே அவள் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்திருக்க வேண்டும். சாயங்காலம் வலிப்பு கண்டு விழுந்தாள்.

மூளைக்காய்ச்சல் (மூளையில் கிருமி தாக்கி வரும் வீக்கம்) என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காய்ச்சல் இறங்கியது. நினைவு வரவில்லை. பதினோராம் நாள் அவள் தம்பி வந்தான். "ஊட்டுக்குத் தூக்கினு போய்டலாம் மாமா. போற உயிரு நம்ம ஊர்ல போவட்டும்." எனக்கு எதிர்த்துப் பேச வராது. தலையாட்டினேன்.

டாக்டரிடம் சொல்லப் போனபோது அவளுக்கு மூளை மின்பதிவு (தலையில் கம்பி ஒட்டி, மூளையில் எழும் மின்சாரத்தைத் தாளில் வரையும் சோதனை) எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அசையவில்லை. தாள் நகர, மிஷினின் முட்கள் மட்டும் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தன.

"யாரும் ஒண்ணும் கேக்கலியே, எதுக்குங்க எழுதுது?"

"மூளையை யாரும் கேக்க வேணாம்பா. தூங்கினாலும் சும்மா இருந்தாலும் அது தானா வேலை செய்யும். அது ஓடுறதால மட்டும் நினைவு வந்துடும்னு சொல்ல மாட்டேன். ஆனா காத்திருக்கலாம்."

என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கும் அது புரிந்தது. ஒருவர் நெல் முடிந்து அடுத்தவர் நெல் வரும்வரை, பெல்ட்டை வெறும் சக்கரத்துக்குத் தள்ளிவிடுவோம். அரவை நிற்கும், இன்ஜின் ஓடும். ஓடுகிற இன்ஜினை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

வெளியே வந்து மைத்துனனிடம், "அவ இங்கதான் இருப்பா" என்றேன். "பேசறது நீங்கதானா மாமா?" என்று கேட்டுவிட்டு, அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பத்தொன்பதாம் நாள் கண் திறந்தாள். டாக்டர் என்னைக் காட்டி, "இவர் பேர் என்னம்மா?" என்றார். அவள் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி கேட்டார். அவள் திரும்பவில்லை. 'நினைவு தெளியவில்லை' என்று எழுதப்போனார்.

"எழுதாதீங்க அய்யா. நல்லா இருக்கிறப்பவே சொல்ல மாட்டா."

அவர் சிரித்துவிட்டார். "சரி, உனக்கு இவர் யாரு?"

"வள்ளிக்கு நைனா" என்றாள், நாக்குக் குழற. வள்ளி எங்கள் மகள்.

காய்ச்சலில் என் பெயரைச் சொன்னது தானாக ஓடிய மூளை. அதைச் சொல்லாமல் நிறுத்தியது அவள். இரண்டுக்கும் நடுவில் என்னதான் இருக்கிறது என்று டாக்டரைக் கேட்டேன். "தெரியாதுப்பா" என்றார். அவ்வளவு படித்தவர் அப்படிச் சொன்னதும் அந்த மூளையின்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

இதே நிலையில் கிடக்கும் ஒருவர் அருகே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உறுதி எதுவும் என்னால் சொல்ல முடியாது. அசையாமல் கிடப்பதும் வெறுமையாகக் கிடப்பதும் ஒன்றல்ல என்பதை மட்டும் கண்ணால் பார்த்தேன்.

அவள் வலது கை இன்னும் முழுதாகச் சுவாதீனத்துக்கு வரவில்லை. அந்தப் பத்தொன்பது நாள் அவள் கணக்கில் இல்லை. 'மில்லிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்தேன்' என்கிறாள். எனக்கோ அதுதான் வாழ்நாளில் பாதி.

மத்தியானம் அவள் கண்ணயர்ந்தால் முன்பெல்லாம் எழுப்பிவிடுவேன். இப்போது அருகில் உட்கார்ந்து பார்க்கிறேன். உள்ளே எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். எழுந்ததும் மெதுவாக, "என் பேரு இன்னா?" என்று கேட்பேன்.

"போங்க, மில்லுக்கு நேரமாச்சி" என்பாள்.