வெங்காய லீவு

கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகியும், ஒருவன் பள்ளிக்கூடம் போகாமல் விட்டதற்காக வயிறெரியும் மடையன் நான். ஞாயிறு காலை, இங்கே ரூஜ் பகுதியில் இருக்கும் என் வீட்டில் சின்ன வெங்காயம் உரித்தேன். அந்த மணத்தோடு பழைய எரிச்சலும் மூக்கில் ஏறியது.

ஊரில் தோட்டங்களில் வெங்காயம் கிண்டி எடுக்கும் மாதத்தில், எங்கள் வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் வாங்குகளில் பாதி வெறுமையாகிவிடும். அப்பாதான் வாத்தியார். வரவு இடாப்பைப் பார்த்து "செல்வராசா" என்று கூப்பிடுவார்.

"தோட்டத்திலை, சேர்!" என்று வகுப்பே கத்தும்.

யன்னலுக்கு வெளியே அவன் மண்ணில் குந்தியிருந்து பாட்டுப் பாடுவான். நான் காய்ச்சலோடும் வாய்ப்பாடு சொல்வேன். வெங்காயம் முடிந்தால் மிளகாய், பிறகு புகையிலை. மூன்றாம் வகுப்போடு அவன் பெயரையே இடாப்பில் வெட்டிவிட்டார்கள். குடுத்துவைத்தவன்!

"அப்பா, நாங்களும் ஒரு தோட்டம் வாங்குவமே?" என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டினேன்.

அந்தச் செல்வராசா, எங்கள் செல்வம், இப்போது இங்கேதான் ஒஷாவாவில் இருக்கிறான். கையைத் துடைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் அவனுக்கு நீளமாக எழுதினேன். "படுபாவி, பள்ளிக்கூடப் பக்கமே வராமல் ராசா மாதிரித் திரிஞ்சனி. உன்னிலை எனக்கு இன்னும் பொறாமையடா."

ஒரு மணித்தியாலம் கழித்து அவன் குரலிலேயே பதில் வந்தது.

"நீ எழுதினதை என்ரை மனுசிதான் வாசிச்சுச் சொன்னவ."