மாமாவின் வெள்ளைச் சேட்டும் ஒரு கணவாயும்

அன்று எங்கள் குருநகர் வீடு முழுக்கக் கணவாய்க் கறி வாசம்...

அம்மா சாம்பிராணி போட்டுப் பார்த்தார். வாசம் போகவில்லை. சம்பந்தம் பேச வருகிற மானிப்பாய் ஆட்கள் மூக்கைப் பொத்தப் போகிறார்கள் என்று ஒரே புலம்பல். நான் கூறைக்கடைப் பொம்மை கணக்காக புதுச் சேலைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அப்போது மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ரீச்சர். வேலை கிடைத்த புதிது. அங்கே கணிதம் படிப்பித்த நேசனும் நானும் விரும்பிவிட்டோம். நாங்கள் கத்தோலிக்கர், அப்பாவுக்குக் கடல்தொழில். அவர்கள் புரட்டஸ்தாந்து மிஷன் சேர்ச் ஆட்கள். அதைக்கூட இரண்டு வீடும் சமாளித்துவிட்டன. எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்பதுவரை பேசி முடித்தாயிற்று.

மிச்சமிருந்த ஒரே பிரச்சினை, குரங்கு!

நேசனின் அப்பா ரிட்டயரான விஞ்ஞான மாஸ்ரர். உலகத்துக்குப் பல கோடி வயது என்பதில் அவருக்குச் சண்டை இல்லை. ஆனால் எந்த உயிரைப் பார்த்தாலும் அதன் பின்னால் ஓர் அறிவு இருந்து திட்டம் போட்டிருக்கிறது, விஞ்ஞானத்திலேயே அது தெரிகிறது என்பார். நானோ கடவுள் பரிணாமத்தின் வழியாகத்தான் படைத்தார் என்று நம்புகிறவள். அது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. முதலில் தான் பெண்பிள்ளையோடு கதைக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"நீ வாயைத் திறக்காதை" என்றார் அம்மா. "அவர் என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு. கலியாணம் முடிய என்னத்தையெண்டாலும் நம்பு."

வந்தார்கள். மாமா, அதுதான் நேசனின் அப்பா, வெள்ளைச் சேட், வெள்ளை லோங்ஸ். சேட்டில் ஒரு சுருக்கம் இல்லை. நேசன் பக்கத்தில் இருந்து றோல்ஸ் சாப்பிடத் தொடங்கினவர்தான்... தலை நிமிரவே இல்லை. இவரை நம்பித்தானா சேலை கட்டினேன் என்று இருந்தது.

"பிள்ளை, குரங்கிலை இருந்துதான் மனிசன் வந்தவன் எண்டு நீர் படிப்பிக்கிறீராம்?"

ஓம் என்றாலும் பிழை, இல்லை என்றாலும் பிழை. அம்மாவின் கண் என்னையே பார்த்தது.

"குரங்குக்கும் எங்களுக்கும் ஒரே மூதாதை எண்டுதான் மாமா படிப்பிக்கிறன். கடவுள் படைக்கேல்லை எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. எப்பிடிப் படைச்சவர் எண்டதிலைதான் கதை."

"அப்ப கண்? ஒவ்வொரு துண்டும் பொருந்தினால்தான் கண் வேலை செய்யும். உது மெல்ல மெல்ல வந்ததோ? ஆரோ யோசிச்சுச் செய்தது பிள்ளை."

அங்கேதான் எனக்கு வாய் நிற்கவில்லை.

"எங்கடை கண்ணிலை நரம்பெல்லாம் வெளிச்சம் விழுற திரைக்கு முன்பக்கத்தாலை ஓடுது மாமா. அதாலை ஒரு குருட்டுப் புள்ளி இருக்கு. கணவாய்க்கு நரம்பு பின்னாலை, குருட்டுப் புள்ளியே இல்லை. அப்ப கடவுள் எங்களைவிடக் கணவாயிலை கூட அக்கறை எடுத்தவரோ?"

அம்மா மாதாவைக் கூப்பிட்டார். அப்பாதான் மெல்லச் செருமினார்.

"கணவாய்க்குக் கண் நல்லாத் தெரியும் மாஸ்ரர், அது உண்மை. பிறகேன் நாங்கள் வைக்கிற கூட்டுக்குள்ளை தானா வந்து மாட்டுது எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

மாமா சிரிக்கவில்லை. எழும்பினார். போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"கணவாய் கிடக்கோ? காட்டும் பாப்பம்."

கிணற்றடியில், வெட்டாமல் கிடந்த ஒன்றைப் பலகையில் வைத்தேன். புதுச் சேலையோடு கையில் கத்தி. மாமா குனிந்து பக்கத்தில் வந்தார். எங்கள் பக்கத்தில் கணவாய் வெட்டுகிற எவளும் முதலில் மைப்பையைத்தான் பக்குவமாக எடுப்பாள். எனக்கு அது தெரியாதா? சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை. ஆனால் கண்ணைக் காட்டுகிற அவசரத்தில் உடம்பை ஒரே அமுக்காக அமுக்கிப் பிடித்துவிட்டேன்...

சேட் பொக்கற்றிலிருந்து கழுத்துப்பட்டிவரை கறுப்பு மை!

அம்மா குழறியது அடுத்த ஒழுங்கைக்குக் கேட்டிருக்கும். பின்னால் வந்து நின்ற நேசன் முதன்முதலாகத் தலையை நிமிர்த்தினார், கையில் பாதி றோல்ஸ். நான் அழுகிற நிலை. என் கலியாணத்தை என் கையாலேயே அமுக்கிவிட்டேன் என்று விளங்கியது.

மாமா சேட்டைக் குனிந்து பார்த்தார். விரலால் மையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆபத்து வந்தால் எதிரிக்கு மேலை அடிக்க ஒரு மைப்பை. உதுவும் தானா வந்ததோ பிள்ளை?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆனாலும் விட்டேனா?

"மெல்ல மெல்ல வந்தது மாமா. கடவுள் அவசரப்படேல்லை. நான்தான் அவசரப்பட்டிட்டன்."

அப்போதுதான் மனுசன் சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். அப்பாவின் சேட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட இருந்தார். கணவாய்க் கறியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கியபடி அம்மாவிடம் சொன்னார்:

"கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ. எங்கடை வீட்டிலை நான் சொல்லுறதுக்கெல்லாம் ஆமாம் போடுற ஆக்கள்தான். எனக்குக் கதைக்க ஒரு ஆள் வேணும்."

கலியாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசை முடிந்து வருவேன், அவர் ஆராதனை முடிந்து வருவார். சோற்றில் கை வைத்ததும் தொடங்கும். "குறை மாதிரித் தெரியிறதுக்கும் ஒரு காரணம் இருக்கும், எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை" என்பார். "அப்ப விளங்காத இடமெல்லாம் கடவுளை வைச்சு அடைக்கிறதோ மாமா?" என்பேன். கை காய்ந்து போகும், மாமி வந்து ஏசுவா. அவரும் கடைசிவரை விட்டுத்தரவில்லை, நானும் விடவில்லை. ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனதும் இல்லை.

இப்போது கோயில் வட்ஸ்அப் குறூப்பில் இதே கதையை யாராவது தொடங்கினால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஒருவர் வேதவசனம் அனுப்புவார், ஒருவர் வீடியோ அனுப்புவார், இன்னொருவர் குறூப்பை விட்டே போய்விடுவார்.

மாமா போன வருடம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஏதாவது சொன்னால், "ஓம் அம்மா, நீங்கள் சொல்லுறது சரி" என்று பிள்ளைகள் போனைப் பார்த்தபடியே சொல்கிறார்கள். நேசனும் தலையாட்டுகிறார்.

சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடுகிறது.