வேட்டை பங்களாவுக்கு அத்தை போன நாள்

அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி, கோபாலபுரம் வீட்டுக்குள் நான் வலது காலை எடுத்து வைத்தபோது, எதிர்ச் சுவரிலிருந்து ஒரு காட்டெருமை என்னை முறைத்துப் பார்த்தது. தலை மட்டும்தான். ஆரத்தி எடுத்தவர்களின் முகம்கூட இன்று மறந்துவிட்டது, அந்தக் கண்ணாடிக் கண்கள் மறக்கவில்லை. நான் மயிலாப்பூரில் ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது ஒரு முருகன் காலண்டர்தான்.

பயம் ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. காட்டெருமைக்குப் பக்கத்தில் இருந்த கடமான் கொம்புகளில் என் கணவர் குடையை மாட்டுவார், நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கைப்பையை மாட்டுவேன், அத்தை காய்கறிப் பையை மாட்டுவார். அத்தை என்றால் என் மாமியார். மழைக்காலத்தில் துணி காயாமல் போனால், கொம்புக்குக் கொம்பு கயிறு கட்டி ஈரப் பாவாடைகளைத் தொங்கவிடுவோம். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டு வரும் அம்மாள், கீழே விரித்திருந்த புலித்தோலை முதல் தடவை பார்த்துவிட்டு வாசலிலேயே கூடையை இறக்கிவிட்டார்.

"இன்னாமா இது, ஊட்டுக்குள்ள புலி கீது! கடிக்காதே?"

"அதுக்குப் பல்லெல்லாம் ஆடிப் போச்சு. நீ வவ்வா மீனக் காட்டு," என்றார் அத்தை.

இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்பதை மாமா, அதாவது என் மாமனார், வீட்டுக்கு வரும் எல்லாருக்கும் சொல்வார். மின்சார ரீடிங் எடுக்க வந்தவரும் தப்பியதில்லை. தெற்கே மலையடிவாரத்தில் அவர்களுக்குக் காடும் கழனியுமாக ஒரு பெரிய எஸ்டேட் இருந்தது. நடுவில் வேட்டைக்கென்றே கட்டிய ஒரு பங்களா. மாமாவின் பாட்டனார் கட்டியது, வெள்ளைக்காரத் துரைகளைக் கூட்டிவந்து குஷிப்படுத்துவதற்காக. அடுத்து மாமாவின் அப்பா. அவர் காலத்தில்தான் வேட்டை அமர்க்களப்பட்டது. சுவரில் இருப்பதெல்லாம் அவர் கைவரிசை. ஜமீன் ஒழிந்ததும் காடு அரசாங்கத்துக்குப் போனது. பங்களாவும் அதைச் சுற்றிய மாந்தோப்பும் மட்டும் மாமாவின் பங்குக்கு மிஞ்சின. பிள்ளையின் படிப்புக்காக மெட்ராஸ் வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஆயுத பூஜை அன்று இந்தச் சரித்திரம் முறைப்படி நடக்கும். சுடாத துப்பாக்கிகளைத் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனம் வைத்து, காட்டெருமை நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு வைப்போம். மாமா பட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கற்பூரத்தைக் காட்டிச் சொல்வார்: "கட்டுனது பாட்டனாரு. ஆடுனது அப்பா. காத்தது நான்." அவ்வளவுதான் மந்திரம். பிறகுதான் சுண்டல். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கப் படாத பாடு பட்டிருக்கிறேன்.

காத்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து கிண்டி மான் பூங்காவுக்குப் போவார். சில நாள் நானும் கூடப் போவேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று புள்ளிமான்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வாசலில் வேர்க்கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுப்பார். திரும்பி வரும்போது அடையாறு பாலம் தாண்டும்வரை பஸ் ஜன்னல் வழியே பின்னாலேயே பார்த்துக்கொண்டு வருவார். பாவமாக இருக்கும். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், இப்போது நினைத்தாலும் பிடிக்கிறது. அதனால்தான் அந்த ஒரு விஷயம் இன்னும் உறுத்தியது.

அந்த பங்களாவுக்குள் வீட்டுப் பெண்கள் போகக் கூடாது. பாட்டனார் காலத்தில் யாரோ ஒரு பெண் வாசல்வரை வந்தாளாம், அன்று மிருகங்களை விரட்டிவிடக் காடு கலைக்கப் போன ஆள் ஒருவன் பன்றி குத்திச் செத்தானாம். அன்றிலிருந்து தடை. பெண் கால் பட்டால் மிருகம் வராது, வந்தாலும் ஆளைச் சாய்க்கும். கூடத்தில் ஒரு போட்டோ இருந்தது. பங்களா வாசலில், செத்த புலியின்மேல் காலை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி நிற்பாள்.

"இவங்க மட்டும் எப்படி மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"துரைசானியெல்லாம் அந்தக் கணக்குல வராதும்மா," என்றார் கொஞ்சமும் சிரிக்காமல்.

அந்த போட்டோவைத் தினமும் துடைப்பது அத்தைதான். சின்னப் பெண்ணாக அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். பங்களாவிலிருந்து இரண்டு மைல் தள்ளி இருந்த ஊர் வீட்டில் இருந்தபடி, வேட்டைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அண்டா அண்டாவாகச் சமைத்து வண்டியில் ஏற்றி அனுப்பியவர். பங்களாவின் கூரையைக்கூடப் பார்த்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்துக்குச் சொந்தக்காரரே அத்தைதான். நில உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, ஊரில் எல்லாரும் செய்த மாதிரி மாமாவும் பங்களாவையும் தோப்பையும் மனைவி பேருக்கு எழுதிவைத்தார். உள்ளே நுழையக் கூடாதவர் பேரில் வீட்டை எழுதியிருக்கிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தைக்கும் தோன்றவில்லை, அந்த மீன்காரம்மா கேட்கும்வரை.

எழுபதுகளின் நடுவில் அது நடந்தது. வேட்டைக்கே சட்டம் தடை போட்டுவிட்டது, பங்களாவும் இடிந்துகொண்டே வந்தது. வாங்குவதற்கு ஆள் வந்தது. மாமா சாப்பிடாமல் கொள்ளாமல் இரண்டு நாள் கிடந்து, கடைசியில் சரி என்றார். பின்வாசலில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் அத்தை இதைச் சொல்ல, அவர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்த ஊடு எப்டிம்மா இருக்கும்? பெர்சா?"

அத்தை வாயைத் திறந்தார். "நான் பார்த்ததில்ல," என்றார். கையில் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அன்று சாயங்காலம் மாமா, அத்தை அலைய வேண்டாமே என்று, மயிலாப்பூரிலேயே ஒரு வக்கீலிடம் பவர் எழுதிக் கொடுத்துவிடலாம், கையெழுத்துப் போட்டால் போதும், மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் அத்தை.

"எதப் பார்க்காம?"

"பங்களாவ. மயிலாப்பூர் குளத்தாண்ட கத்திரிக்காய் வாங்கினாக்கூடக் காம்பைப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குறேன். பார்க்காமலே வச்சிருந்தாச்சு. பார்க்காமலே விக்கவும் சொல்றீகளா?"

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அங்க என்ன இருக்கு பார்க்க? ஓடெல்லாம் சரிஞ்சு கெடக்கு."

"அதத்தான் பார்க்கணுங்கிறேன்."

மாமாவுக்கு நிஜமாகவே பயம். அத்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான், கௌரவம் மட்டுமில்லை. நாள் போகப் போக வாங்க வந்தவர் பொறுமை இழந்தார், என் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடினார். அத்தை சண்டை போடவில்லை, அழவில்லை. வழக்கம்போலச் சமைத்தார், பரிமாறினார், போட்டோவைத் துடைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். துரைசானி மேல் தூசி படிந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே மாமா இளகினார் என்று நினைக்கிறேன். ஒருநாள் காலை எழும்பூர் போய் மூன்று டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு, துணைக்கு நான்.

அத்தை ஒரு பிரம்புக் கூடை கொண்டுவந்தார். ரயிலில் யாரையும் அதைத் தொடவிடவில்லை. இறங்கி டாக்சியில் போகும்போது, அடிவாரத்துக் கிராமத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு வீட்டில் பால் வாங்கினார். காப்பிக்கு என்று நினைத்தேன்.

பங்களாவைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மாமாவின் பேச்சில் அரண்மனையாக இருந்தது, நேரில் எங்கள் பள்ளிக்கூடத்தைவிடச் சின்னது. முன்கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. படிகளில் புல். மாமா கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போய், திரும்பிப் பார்த்தார். அத்தை கடைசிப் படியில் நின்றிருந்தார்.

"ஏன் நிக்கிற?"

"நீங்க கூப்பிடணும்."

மாமா வாசல்படியைப் பார்த்தார். பிறகு அவர் ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டார்.

"உள்ள வா," என்றார்.

அத்தை வலது காலை எடுத்து வைத்தார். அறை அறையாகப் போனார். தலைகளைக் கழற்றிய இடத்தில் சுவரில் வெளுத்த வட்டங்கள் இருந்தன, ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். பின்கட்டில் சமையலறை இருந்தது. அங்கே உட்கார்ந்து கூடையைத் திறந்தார். ஒரு பித்தளைப் பாத்திரம், அதன் கழுத்தில் ஏற்கெனவே மஞ்சள் கட்டியிருந்தது. தீப்பெட்டி, சர்க்கரை, மூன்று டம்ளர். மூன்று கல்லைக் கூட்டி, சரிந்த கூரையிலிருந்து விழுந்த சுள்ளிகளை வைத்து நெருப்பு மூட்டினார்.

"விக்கப்போற வீட்ல பால் காய்ச்சுறியே," என்றார் மாமா.

"எனக்கு இன்னிக்குத்தானே கிரகப்பிரவேசம்."

பால் பொங்கியது. முதல் டம்ளரை மாமாவிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு மூலையில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தார். நான் அழுதுவிட்டேன், மறைக்கவில்லை. அத்தை அழவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கூடையில் வைத்தார். மறுநாள் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்ததும் மீன்காரம்மா விடவில்லை. "எப்டிம்மா கீது அந்த ஊடு?"

"சின்னதுதான். சமையக்கட்டுல மட்டும் நல்லா வெளிச்சம் வருது," என்றார் அத்தை. இரண்டு பேரும் நெடுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கும் காட்டெருமைக்குப் பொட்டு வைத்தோம். எஸ்டேட்தான் இல்லையே, மாமா என்ன சொல்வார் என்று நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு கற்பூரம் ஏற்றினார்.

"கட்டுனது பாட்டனாரு. ஆடுனது அப்பா. காத்தது நான்."

கற்பூரத் தட்டைக் கீழே வைக்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"பால் காய்ச்சுனது இவ."

அத்தை உள்ளே சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவும் சத்தம் நின்றது.